சின்னக் காடி வேகத்தில் ஆடாமல் ஓட: விங், ஸ்பிளிட்டர் பொருத்த முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் பஹாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செப்பாங் காடிப் பந்தய ஓடுதளத்துக்குப் போய்வரும் பையன்கள் பெரும்பாலும் ஓட்டுவது மைவி, கெலிசா, சத்ரியா நியோ போன்ற முன்சக்கர இழுவைக் காடிகள். திரும்பி வந்ததும் பட்டறையில் வந்து நின்று சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, அஞ்சாவது வளைவுல கால எடுத்தா பின்னாடி கழண்டு போற மாதிரி இருக்கு."

அடுத்த வாரமே ஒரு ஸ்பிளிட்டரை, அதாவது முன் பம்பரின் அடியில் நீளும் பலகையை, வாங்கி முன்பக்கம் மாட்டிக்கொண்டு வருவார்கள். பின்பக்கம் லேசாக இருக்கிற காடிக்கு முன்பக்கப் பிடியை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? பின்பக்கம் இன்னும் சீக்கிரம் கழன்றுகொள்ளும். நல்ல பொருளை வாங்கியும் வரிசை தப்பியதால் காடி முன்பைவிட ஆபத்தானதாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் எதை வாங்குவது என்பதைவிட, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதைத்தான் அதிகம் சொல்கிறேன்.

1. குறை காற்றால் வருகிறதா என்று முதலில் பாருங்கள்

காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் விசை 160-ல் நான்கு மடங்காகும். மெதுவான வளைவில் காற்றுக்குப் பெரிய வேலை கிடையாது என்பதே இதன் பொருள். ஆகவே குறை எந்த வேகத்தில் வருகிறது என்று தெரியாமல் ஒரு துளைகூடப் போடக்கூடாது.

செப்பாங் இதற்கு வசதியான இடம். 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள். 2, 9, 15 ஆகியவை மெதுவானவை. 3, 5, 6, 12 வேகமானவை. இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெதுவான வளைவிலும் வேகமான வளைவிலும் பின்பக்கம் ஒரே மாதிரி வழுக்கினால், அது டயர், ஸ்பிரிங், அலைன்மென்ட் சம்பந்தப்பட்ட குறை. விங், அதாவது காற்றைக் கொண்டு பின்பக்கத்தைக் கீழே அழுத்தும் இறக்கை, அதைத் தீர்க்காது. மெதுவான வளைவில் ஒழுங்காக ஓடும் காடி 140-க்கு மேல் மட்டும் நெளிந்தால், அப்போதுதான் காற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏன் நெளிகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 1,050 கிலோ எடையுள்ள முன்சக்கர இழுவைக் காடியில் பின் அச்சின் மேல் ஏறத்தாழ 400 கிலோதான் இருக்கும். வேகமான வளைவில் ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்து லேசாக பிரேக்கும் பிடித்தால், 60 முதல் 70 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். கூரையைத் தாண்டி வளைந்து இறங்கும் காற்று 160-ல் இன்னும் இருபது கிலோவுக்கு மேல் பின்பக்கத்தைத் தூக்கலாம். மிச்சம் 310, 320 கிலோ. அதை வைத்துக்கொண்டு பின் டயர்கள் காடியைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த வேண்டும். ஐந்தாவது வளைவில் அந்தத் தம்பி உணர்ந்தது இதைத்தான்.

2. காற்றுக்கு முன்னால் டயர், அலைன்மென்ட்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு டயர்களும் ஒரே வகையாக இருக்கட்டும். நல்ல டயரை முன்னாலும் பழசைப் பின்னாலும் போடும் வழக்கத்தை ஓடுதளத்துக்குக் கொண்டுவராதீர்கள். பின் டயர்கள் வெளிப்பக்கம் விரிந்து நின்றால் காடி நேர்பாதையிலேயே அலையும். அவை லேசாக உட்பக்கம் பார்க்க வேண்டும், அல்லது நேராகவாவது இருக்க வேண்டும். மைவி போன்றவற்றின் பின் அச்சு ஒரே குறுக்குத்தண்டாக வருவதால் சாதாரண அலைன்மென்ட் கடையில் அதைத் திருப்பி வைக்க முடியாது. இடையில் மெல்லிய தகடு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அந்த அச்சின் ரப்பர் புஷ்களையும் பாருங்கள். பழைய காடிகளில் பாதிக் குறை அங்கேதான் இருக்கும்.

இதையெல்லாம் முடித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். அப்படி முடிந்தால் சந்தோஷமாக நிறுத்திவிடுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

ரசமட்டம், கோணம் காட்டும் கைப்பேசிச் செயலி, அளவுநாடா, கம்பளி நூல், நல்ல ஒட்டுநாடா, ஜன்னலில் ஒட்டக்கூடிய சின்ன கேமரா. ஸ்பிளிட்டருக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், அல்லது பெயர்ப்பலகைக் கடைகளில் கிடைக்கும் அலுமினியக் கூட்டுப் பலகை. 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு கொஞ்சம். எம்8 அளவு போல்ட்டுகள், தலையில் 8.8 என்று பொறித்தவை. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகள். பெரிய வாஷர்கள்.

போல்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஹார்ட்வேர் கடையில் கிலோக்கணக்கில் விற்கும் எண் இல்லாத போல்ட்டு கோழிக்கூண்டுக்குப் போதும், விங்குக்குப் போதாது.

விங் வாங்கும்போது அதன் குறுக்குவெட்டைப் பாருங்கள். அடிப்பக்கம் வயிறு போல் வளைந்திருக்க வேண்டும். அழகுக்காக விற்கும் பல விங்குகளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சிலது தட்டையான பலகையேதான். அவற்றால் காற்று இழுவை கூடுமே தவிர, கீழழுத்தம் கொஞ்சம்தான் கிடைக்கும். 1.3 மீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒற்றை விங் இந்த அளவுக் காடிக்குத் தாராளம்.

4. எதையும் மாட்டுவதற்கு முன் அளந்து வையுங்கள்

புதியவர்கள் எல்லாரும் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். முதலில் அளக்காதவருக்கு, பிறகு மாற்றம் நல்லதா கெட்டதா என்று தெரிய வழியில்லை. "நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வருஷம் ஓடிவிடும்.

முதல் அளவு, காடியின் உயரம். பின் சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் வெள்ளை ஒட்டுநாடாவை நெட்டாக ஒட்டி, 5 மில்லிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு போடுங்கள். கேமராவைக் கதவில் பொருத்தி, சக்கரத்தின் மையமும் அந்தக் கோடுகளும் ஒன்றாகத் தெரியும்படி வையுங்கள். நேர்பாதையில் 80-லும் 150-லும் ஒரே சீராக ஓட்டிப் படம் எடுங்கள். மிதியை அழுத்திக்கொண்டே போனால் முடுக்கத்தாலேயே பின்பக்கம் அமுங்கும். அப்போது வரும் அளவு பொய். இரண்டு வேகத்திலும் மிதியை ஓரிடத்தில் பிடித்து சில விநாடிகள் ஓட்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து கிலோ தாங்குபவை என்றால், இருபது கிலோ தூக்கலுக்குக் காடி நான்கு மில்லிமீட்டர் உயரும். சின்ன அளவுதான். ஆனால் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சராசரி எடுத்தால் தெரியும்.

இரண்டாவது அளவு, காற்று ஓடும் பாதை. கம்பளி நூலைப் பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, கூரையின் பின்பாதியிலும் பின் கண்ணாடியிலும் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டுங்கள். நண்பரை இன்னொரு காடியில் பின்னால் வரச்சொல்லிப் படம் எடுங்கள். கூரையில் நூல்கள் ஒட்டிப் படிந்து நேராக நிற்கும். பின் கண்ணாடிக்கு வந்ததும் திசை தெரியாமல் சுழலும், சிலது மேல்நோக்கிக்கூட நிமிரும். நூல் சுழலும் இடத்தில் காற்று காடியை விட்டுப் பிரிந்துவிட்டது. அங்கே விங் வைத்தால் அது வேலை செய்யாது.

மூன்றாவது: ஒரு மெல்லிய கம்பியைக் கூரையின் பின்விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி, 5 சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கட்டுங்கள். எந்த உயரத்தில் நூல் துடிப்பதை நிறுத்தி நேராகப் போகிறது, அப்போது தரைக்கு எத்தனை டிகிரி கீழ்நோக்கிச் சரிகிறது என்று பாருங்கள். இந்த இரண்டு எண்களும் அடுத்த படிக்குத் தேவை. கூரையின் நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக எடுத்தால் இன்னும் நல்லது.

இந்த வேகங்களுக்கெல்லாம் இடம் ஓடுதளம் மட்டும்தான். தோட்டத்துச் சாலை காலியாக இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி எந்தச் சந்திலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது, மோட்டாரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறவர்களும் அதே சாலையில்தான் வருகிறார்கள்.

5. பின்பக்கம் முதலில்: விங்

பின்பக்கத்தை முதலில் கனப்படுத்தினால், கணக்கு தப்பினாலும் காடி வேகத்தில் முன்பக்கம் விரிந்து நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் அடங்கிவிடும். முன்பக்கத்தை முதலில் கனப்படுத்தினால் கணக்கு தப்பும்போது காடி சுழலும். 150-ல் சுழலும் காடியைப் புதியவர் யாராலும் பிடிக்க முடியாது. பின்பக்கம் முதலில் என்பதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு கிடைக்கும்? மேலே சொன்ன அளவு விங்கின் தூக்கல் கெழுவை (காற்றை எவ்வளவு நன்றாக அழுத்தமாக மாற்றுகிறது என்று காட்டும் எண்) 1 என்று வைத்துக்கொண்டால், நம் ஊர் வெப்பக் காற்றில் 160-ல் ஏறத்தாழ 37 கிலோ. 100-ல் 15 கிலோ. 60-ல் 5 கிலோதான். அதற்குப் பதிலாக 160-ல் எடுத்துக்கொள்ளும் இழுவை நான்கைந்து கிலோ, அதாவது ஏறக்குறைய 3 குதிரைத்திறன். 100 குதிரைத்திறன் காடிக்கு இது தாங்கக்கூடிய விலை.

*உயரம்.* நூற்கம்பியில் காற்று சீராக ஓடிய உயரத்துக்கு மேலே விங்கின் அடிப்பக்கம் இருக்க வேண்டும். விங் வேலை செய்வது பெரும்பாலும் அடிப்பக்கத்து உறிஞ்சலால்தான். மேற்பக்கம் நல்ல காற்றிலும் அடிப்பக்கம் சுழல்காற்றிலும் இருந்தால் பாதிக்கு மேல் வீண். கூரையோடு ஒட்டி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று கீழே இறக்குகிறவர்கள் நிறையப் பேர். அதைச் செய்யாதீர்கள்.

*இடம்.* பின்னுக்குத் தள்ளத் தள்ள நெம்பு கூடும். விங் பின் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது, அச்சுகளின் இடைவெளி பழைய மைவி போல 2.44 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 37 கிலோ விசை பின் அச்சில் 47 கிலோவுக்கு மேல் இறங்கும். கூடுதலாக வந்த பத்துச் சொச்சம் முன் அச்சிலிருந்து எடுத்தது. விங் மாட்டினால் ஸ்டீரிங் லேசாகிறது என்று சொல்வது இதனால்தான். சீசாப் பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனை எழுகிற அதே கணக்கு. இதை ஆறாம் படியில் ஈடுகட்டுவோம்.

*தாங்கி.* பின்கதவின் தகரம் மெல்லியது. அதில் நேரடியாகத் துளைபோட்டு மாட்டினால் சில ஓட்டங்களிலேயே தகரம் அலையலையாக நெளிந்து, துளை நீள்வட்டமாகும். பெரிய விங் என்றால் பின் பம்பருக்கு உள்ளே இருக்கும் இரும்புக் குறுக்குச்சட்டத்திலிருந்து தாங்கிகளை எழுப்புங்கள். பின்கதவைத் திறக்க விங்கைக் கழற்ற வேண்டிவரும், ஆனால் விசை சட்டத்துக்கே போகும். கூரை விளிம்பை நீட்டும் சின்ன ஸ்பாய்லர் என்றால் பின்கதவிலேயே வைக்கலாம். அப்போது தகரத்தின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்கு 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வைத்து, தகரத்தை நடுவில் கவ்வி இறுக்குங்கள். பின்கதவு ஆட்டம் போடாமல் இருக்க அதன் ரப்பர் முட்டுகளையும் ஒரு சுற்று வெளியே திருப்பிவையுங்கள்.

*பாரச் சோதனை.* இதைத் தாண்டவே கூடாது. 180-ல் 47 கிலோ வரும் என்றால் சோதனை அதன் இரண்டு மடங்கு. பத்துக் கிலோ அரிசிப் பைகள் பத்தை வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் சேர்த்துக்கொண்டு வாருங்கள். விங்கின் இரு முனைக்கும் இடையில் ஒரு தையல் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் விங்குக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பைகளை நடுவில் குவிக்காமல் நீளவாக்கில் பரப்பி ஒவ்வொன்றாக அடுக்குங்கள். விங் கொஞ்சம் தொய்வது இயல்பு. பைகளை எடுத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், அல்லது தாங்கி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், அந்தத் தாங்கியை மாற்றுங்கள். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள், பக்கவாட்டில் ஆட்டுங்கள். விங் மட்டும் ஆடாமல் காடியே ஆட வேண்டும்.

*கோணம்.* பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம். ஒற்றை விங் பொதுவாக 12 முதல் 15 டிகிரிக்குள் காற்றை விட்டுவிடும். அதற்கு மேல் சாய்த்தால் இழுவை ஏறும், அழுத்தம் இறங்கும். அந்த 15 டிகிரி தரைக்கு அல்ல, வரும் காற்றுக்கு. உங்கள் நூற்கம்பியில் காற்று 5 டிகிரி கீழிறங்கி வந்தது என்றால், ரசமட்டத்தில் 10 டிகிரி என்று வைத்த விங் உண்மையில் 15-ல் நிற்கிறது. கூரைக்கு நேரே இருக்கும் நடுப்பகுதி முதலில் காற்றை விடும், ஓரங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே காற்றுச் சரிவைக் கழித்துக்கொண்டு, தரைக்கு 3 அல்லது 4 டிகிரியில் தொடங்குங்கள். விங்கின் அடிப்பக்கத்தில் நூல் ஒட்டிப் படம் எடுத்தால் சந்தேகமே வேண்டாம்: பின்விளிம்பு நூல்கள் முன்னோக்கித் திரும்பினால் கோணம் அதிகம்.

கோணத்துக்கு இடமில்லாமல் இன்னும் அழுத்தம் வேண்டுமானால், விங்கின் பின்விளிம்பில் மேல்நோக்கி 5 மில்லிமீட்டர் உயர அலுமினியக் கோணப்பட்டை ஒன்றை ஒட்டலாம். கர்னி பட்டை என்பது அதன் பெயர். 25 சென்டிமீட்டர் விங்குக்கு 5 மில்லிமீட்டரே போதும். இரண்டு சென்டிமீட்டர் வைத்தால் காற்றை முட்டி நிறுத்தும் சுவர்தான்.

6. இப்போது முன்பக்கம்: ஸ்பிளிட்டர்

விங்கை மட்டும் வைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். மூன்றாவது வளைவு போன்ற நீண்ட வேக வளைவில் முன்பக்கம் அகலமாக விரிந்து போக ஆரம்பித்திருக்கும். அது நல்ல அறிகுறி, விங் வேலை செய்கிறது என்று பொருள். அந்த விரிதலை அடக்கும் அளவுக்கு மட்டும் முன்பக்கம் சேர்க்க வேண்டும்.

ஸ்பிளிட்டர் என்பது பம்பரின் அடியில் தரைக்கு இணையாக நீளும் பலகை. பம்பரில் மோதி நிற்கும் காற்று பலகையின் மேல் அழுத்தும், அடியில் வேகமாக ஓடும் காற்று உறிஞ்சும். 1.5 மீட்டர் அகலப் பலகை 5 சென்டிமீட்டர் வெளியே நீண்டால், மேற்பக்க அழுத்தம் மட்டும் 160-ல் அதிகபட்சம் எட்டரை கிலோ. விங் எடுத்துக்கொண்ட பத்துச் சொச்சம் கிலோவுக்கு இது கிட்டத்தட்ட வருகிறது, அடிப்பக்க உறிஞ்சல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எனவே முதல் நீளம் 5 சென்டிமீட்டர். பையன்கள் 15 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு வருகிறார்கள். அதைச் சமாளிக்கும் விங் அவர்களிடம் இருப்பதில்லை.

பலகையைப் பம்பரில் மாட்டாதீர்கள். பம்பர் பிளாஸ்டிக் கிளிப்பில் தொங்குகிறது. ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச்சட்டத்திலும் முன் சப்ஃபிரேமிலும் (இன்ஜினுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டம்) இரும்புத் தாங்கி வைத்துப் பிடியுங்கள். முன்விளிம்பை இரண்டு கம்பிகள் மேலிருந்து இழுத்துப் பிடிக்கட்டும். சோதனை சுலபம்: ஒருவர் ஏறி மெதுவாக நில்லுங்கள். பலகை வளையலாம், கழலக்கூடாது.

பம்பருக்கும் பலகைக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மேலழுத்தக் காற்று அதன் வழியாக அடியில் கசிந்து, செய்த வேலையையே கெடுத்துவிடும். கதவுக்கு ஒட்டும் ஸ்பான்ஜ் பட்டையை வைத்து முழுக்க அடையுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அடைக்காத ஸ்பிளிட்டரை மாட்டியதும் மாட்டாததும் ஒன்றே.

மட்டம் பாருங்கள். காடியைச் சமதரையில் நிறுத்தி, ஓட்டுநரை உள்ளே உட்காரவைத்து, பலகையின் மேல் ரசமட்டத்தை வையுங்கள். மூக்கு மேல்நோக்கி இருந்தால் அது தூக்கும். பூஜ்ஜியம் முதல் ஒரு டிகிரி வரை கீழ்நோக்கி இருப்பது சரி. தரையிலிருந்து 9, 10 சென்டிமீட்டர் வையுங்கள். பிரேக் பிடித்தால் மூக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் அமுங்கும். அதற்கும் குறைவாக வைத்துப் பலகை தரையைத் தொட்டால், அடியில் ஓடும் காற்று அடைபட்டு அழுத்தம் திடீரென்று போய்விடும். அதுவும் கடுமையாக பிரேக் பிடிக்கும் நேரத்தில்.

பிளைவுட் என்றால் வெட்டிய ஓரங்களுக்கு எப்பாக்ஸி இரண்டு பூச்சு கொடுங்கள். நம் மழையில் பூசாத ஓரம் நீரைக் குடித்து, தோல் தோலாகப் பிரிந்துவிடும்.

7. அடிப்பலகையும் இன்ஜின் சூடும்

ஸ்பிளிட்டரின் பின்விளிம்பிலிருந்து முன் அச்சு வரைக்கும் அடியை மூடினால் உறிஞ்சல் கூடும். அலுமினியக் கூட்டுப் பலகை இதற்கு நல்லது. எண்ணெய் வடிக்கும் இடத்துக்குத் திறப்பு விடுங்கள். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் மரத்தையோ பிளாஸ்டிக்கையோ கொண்டுபோகாதீர்கள். ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். முன் அச்சைத் தாண்டி மூட ஆசைப்படாதீர்கள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்று வெளியேற வழி வேண்டும். 33 டிகிரி வெயிலில் வழியை அடைத்தால் இன்ஜின் தாங்காது.

முன் கிரில்லில் நுழையும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு தப்பிக்காமல் இருக்க, பக்கங்களை ஸ்பான்ஜால் அடையுங்கள். காசில்லாத வேலை, பலன் அதிகம். தண்ணீர்ச் சூட்டைக் கைப்பேசியில் காட்டும் கருவியை மாட்டிக்கொண்டு, முன்பு இருந்த சூட்டோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. போனட்டின் பின்விளிம்பில் வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது, சூடு வெளியேறும் என்று. காடி நிற்கும்போது வெளியேறும், உண்மைதான். வேகத்தில் முன் கண்ணாடியின் அடிப்பகுதி காற்றழுத்தம் அதிகமான இடம். அங்கே திறந்தால் காற்று உள்ளே புகும், ரேடியேட்டர் வழியாக வரும் காற்றை எதிர்த்து நிற்கும். அந்த வாஷர்களைக் கழற்றிவிடுங்கள்.

பின்பக்க டிஃப்யூசர், அதாவது பின் பம்பரின் அடியில் மேல்நோக்கிச் சரியும் பலகை, பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அடி முழுக்கத் தட்டையாக, தரைக்கு மிக அருகில் உள்ள காடிக்குத்தான் அது பலன் தரும். குறுக்கு அச்சும் புகைக்குழாயும் தொங்கும் சின்னக் காடியில் அந்தக் காசை டயருக்குப் போடுங்கள்.

8. ஓடுதளத்தில் சரிபார்க்கும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். விங் கோணத்தையும் டயர் காற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

முதல் ஓட்டத்தில் டயர் சூடாக இரண்டு சுற்று, பிறகு நிதானமாக வேகம் ஏற்றி மூன்று சுற்று. உள்ளே வந்ததும் ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகுதான் எல்லாம் கொஞ்சம் படிந்து தளரும். போல்ட் தலையிலிருந்து தகரத்துக்கு ஒரு கோடு பெயின்டால் இழுத்துவைத்தால், கோடு விலகியதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து 5, 6 வளைவுகள். இடப்பக்கமும் உடனே வலப்பக்கமும் வேகத்தில் திரும்புவதால் பின்பக்கத்தின் நிலை அங்கே நன்றாகத் தெரியும். மிதியைச் சீராகப் பிடித்துத் திரும்புங்கள். அது நம்பிக்கையாக இருந்தால் மட்டும், அடுத்த சுற்றில் மிதியைக் கொஞ்சமாகத் தளர்த்திப் பாருங்கள். முழுக்கக் காலை எடுத்துச் சோதிக்க வேண்டாம். பின்பக்கம் இன்னும் லேசாக இருந்தால் விங்கை 2 டிகிரி கூட்டுங்கள். முன்பக்கம் விரிந்தால், ஸ்பிளிட்டரின் பலகையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீட்டுங்கள். இப்படிப் படிப்படியாகப் போய், வேக வளைவில் முன்பக்கம் ஒரு துளி விரியும் நிலையில் நிறுத்துங்கள். நடுநிலை வரை போக வேண்டியதில்லை. அந்த ஒரு துளிதான் களைத்துப்போன கடைசிச் சுற்றில் உங்களைக் காப்பாற்றும்.

மெதுவான 9, 15 வளைவுகளில் காடி மாறியிருக்கக்கூடாது. மாறியிருந்தால் விங்கின் எடையோ தாங்கியோ வேறு எதையோ செய்திருக்கிறது, தேடிப் பாருங்கள்.

மட்கார்டு நாடாவைத் திரும்பவும் படம் எடுங்கள். 80-க்கும் 150-க்கும் இடையில் முன்பு உயர்ந்த பின்பக்கம் இப்போது அதே இடத்தில் நின்றாலோ அமுங்கினாலோ வேலை நடந்திருக்கிறது.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று: விங் சேதமானாலோ தளர்ந்தாலோ, ஸ்பிளிட்டரையும் கழற்றாமல் திரும்ப ஓடுதளத்துக்குள் போகக்கூடாது. ஸ்பிளிட்டர் உடைந்தால் விங்கோடு மெதுவாக ஓட்டலாம். தலைகீழாகச் செய்யவே கூடாது.

9. மழையும் வீடு திரும்பும் வழியும்

பிற்பகல் மழை வந்தால் விங்கை 2, 3 டிகிரி கூட்டிவிடுங்கள். ஈரத்தில் பின்பக்கம் இன்னும் சீக்கிரம் போகும், வேகம் குறைவதால் விங் தரும் அழுத்தமும் குறைந்திருக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் டயர் மிதந்தால் விங் எதுவும் செய்யாது, அங்கே மெதுவாகப் போவதைத் தவிர வழியில்லை.

சாலையில் இவற்றோடு ஓட்டாதீர்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியில்லாமல் காடியின் அமைப்பை மாற்றி ஓட்டுவது குற்றம். அதைவிட, கூர்விளிம்போடு நீட்டிக்கொண்டிருக்கும் பலகை ஒரு மோட்டார்க்காரரின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பஹாவிலிருந்து கோலா பிலா, புக்கிட் புத்துஸ் வழியாகச் சிரம்பான் இறங்கி செப்பாங் போய்ச் சேர்வதற்குள் எத்தனை மேடு பள்ளம். தோட்டத்து வாசலில் உள்ள முதல் வேகத்தடையிலேயே ஸ்பிளிட்டர் போய்விடும். எனவே தொடக்கத்திலேயே கழற்றி மாட்டும்படி செய்துகொள்ளுங்கள்: தாங்கிகள் காடியிலேயே இருக்கட்டும், பலகையையும் விங்கையும் பழைய போர்வையில் சுற்றிப் பின் இருக்கையை மடக்கி உள்ளே வையுங்கள்.

நைலான் வளைய நட்டுகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் பிடி போய்விடும். கையாலேயே சுலபமாகத் திருகிக்கொண்டு ஏறுகிற நட்டை அப்போதே தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதைப் போடுங்கள். பையில் எப்போதும் ஒரு டஜன் இருக்கட்டும்.